பஞ்சாபிக்கு நெய், நமக்கு ஸ்டென்ட்டா?

மும்பைத் தமிழர்களுக்கான இந்த டாக்டர் கேள்வி-பதில் பகுதியில் போன மாதம் மாரடைப்பு பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை அனுப்பிவைத்துவிட்டார். பிரித்துப் படித்தால் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வி: ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இது ஏன் இப்படி வித்தியாசப்படுகிறது? அதனால் தைராய்டு, முடி உதிர்வு, முழங்கால் வலிக்காரர்கள் எல்லாம் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி (செம்பூர் வாசகி): டாக்டர் சார், எங்கள் வீட்டுக்காரருக்கு 47 வயது. சுத்த சைவம். காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை. குடி இல்லை, சிகரெட் இல்லை. போன மாதம் இரண்டு ஸ்டென்ட் வைத்தாயிற்று. எதிர் வீட்டு பஞ்சாபி அங்கிளுக்கு 71. தினமும் நெய் சொட்டும் பராட்டா, லஸ்ஸி. கல்லு மாதிரி இருக்கிறார். நம்ம ஜாதகமே அப்படித்தானா?

பதில்: ஜாதகம் பார்க்க எனக்குத் தெரியாதம்மா. ஆனால் நீங்கள் கேட்டதையே கிட்டத்தட்ட அறுபது வருஷத்துக்கு முன்னால் மேற்கு ரயில்வேயில் டாக்டராக இருந்த எஸ்.எல்.மல்ஹோத்ரா கேட்டிருக்கிறார். ரயில்வேயில் ஒரு வசதி. பஞ்சாபிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒரே முதலாளி, ஒரே மாதிரிச் சம்பளம், யார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்பதற்கு ரெக்கார்டும் இருக்கும். அதையெல்லாம் எடுத்துக் கூட்டிக் கழித்து 1967-ல் இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் எழுதினார்: தெற்கத்தி ரயில்வேக்காரர்களிடம் மாரடைப்பு, பஞ்சாப் பக்கத்தவர்களைவிட ஏழு மடங்கு அதிகம். இத்தனைக்கும் பால், வெண்ணெய், நெய் என்று கொழுப்பைப் பல மடங்கு சாப்பிட்டவர்கள் பஞ்சாபிகள்தான். நம்மவர்கள் இறந்த வயதும் குறைவு. வெளிநாட்டில் வெண்ணெய்தான் வில்லன் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது, இந்தக் கணக்கு அந்தக் கதையில் ஒட்டவே இல்லை. மனிதர் எண்ணெயைச் சந்தேகப்பட்டார், தயிரைப் பற்றி யோசித்தார், ரொட்டியை மென்று தின்பதற்கும் சோற்றை அப்படியே உள்ளே தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்கூடக் காரணமாக இருக்குமோ என்று எழுதினார். ரசம் சாதத்தை நாம் யார் மெல்கிறோம்?

இதோடு நிறுத்தி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் நாளைக்கே மும்பையில் நெய் விலை ஏறிவிடும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2016-க்கான மாநிலவாரிக் கணக்கெடுப்பில் இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களின் விகிதம் அதிகம் என்று முன்வரிசையில் வந்த மூன்று மாநிலங்கள் கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு. ஆமாம், அதே பஞ்சாப்! ஐம்பது வருஷத்தில் ஒரு ஜனத்தின் ரத்தமா மாறிவிடும்? மாறியது பிழைப்பு. வயலில் மாட்டுக்குப் பின்னால் நடந்தவர் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார், நெய் மட்டும் அதே கிண்ணத்தில் தொடர்ந்தது. நாடு முழுக்கவே 1990-ல் நூறு மரணங்களில் 15 இந்த நோய்களால் என்றால் 2016-ல் 28 ஆகிவிட்டது.

உங்கள் எதிர் வீட்டு அங்கிள் விஷயம் இன்னும் எளிது. 71 வயதில் லிஃப்டில் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவரைத்தான் உங்களுக்குத் தெரியும். 50-ல் போய்ச் சேர்ந்த பஞ்சாபி லிஃப்டில் வரமாட்டார்.

சைவம் என்பதைக் கவசமாக நினைப்பது நம்மிடம் ரொம்ப உண்டு. லண்டனில் 1980-களில் நடந்த ஆய்வுகளில் பஞ்சாபி சீக்கியர், குஜராத்தி இந்துக்கள், வங்கதேச முஸ்லிம்கள் எல்லோருக்குமே வெள்ளைக்காரரைவிட மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. குஜராத்திகளில் நிறையப் பேர் சைவம், மற்றவர்கள் அசைவம். தட்டில் ஒற்றுமை இல்லை, ஆனால் வயிற்றில் சேர்ந்த கொழுப்பிலும் சர்க்கரையை உடம்பு சமாளிக்கத் திணறுவதிலும் ஒற்றுமை இருந்தது. உங்கள் வீட்டுக்காரரின் மெனுவைத் திரும்பப் படியுங்கள். இட்லி, சாதம், தோசை, மூன்று பெயரில் ஒரே தீட்டின அரிசி. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) பெரிய சர்வே சொல்கிறது. நான் இட்லிக்கு விரோதி இல்லை. ஆறு இட்லிக்கு இரண்டு கரண்டி சாம்பார் என்பதை மூன்று இட்லிக்கு ஒரு கிண்ணம் சாம்பார் என்று மாற்றுங்கள். சாதம் ஒரு கப், பொரியல் இரண்டு கப். ராத்திரி தோசைக்குப் பதில் வாரத்தில் சில நாள் சுண்டலோ அடையோ. லிப்போபுரோட்டீன் (ஏ), அதாவது Lp(a), என்ற ரத்தக் கொழுப்புக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, அந்தக் கொழுப்பு பரம்பரையாக வருவது, நம் பக்கத்து மக்களிடம் அதிகம், ஆயுளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் போதும். பத்தியமாக வாழ்ந்தும் 47-ல் அடைப்பு வந்தவருக்கு அதைப் பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் முக்கியமானது, ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுத்த மாத்திரையை "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று அவராக நிறுத்தவே கூடாது.

கேள்வி (தாராவி, 29 வயது வாசகர்): எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் விவசாயி, 86 வரை இருந்தார். அப்பா 17 வயதில் பம்பாய் வந்து 52-ல் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு 29. மும்பைதான் அப்பாவைக் கொன்றது என்று அம்மா சொல்கிறார். நான் ஊருக்கே திரும்பிவிடவா?

பதில்: தம்பி, அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இதை ஜப்பான்காரர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1960-களில் ஜப்பானில் இருந்தவர்கள், ஹவாய்த் தீவில் குடியேறியவர்கள், கலிபோர்னியாவுக்கே போய்விட்டவர்கள் என்று ஒரே இனத்து ஆண்களை மூன்று இடத்தில் வைத்துக் கணக்கெடுத்தார்கள். இதய நோய் ஜப்பானில் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிபோர்னியாவில் அதிகம். பரம்பரை ஒன்றுதான், கப்பல் ஏறிய தூரம் கூடக் கூட நோயும் கூடியது. அதிலும் ஒரு வேடிக்கை, பக்கவாதம் மட்டும் தலைகீழாக ஜப்பானில்தான் அதிகம். அங்கே சாப்பாட்டில் உப்பு அவ்வளவு.

ஆனால் ஊர் என்றால் காற்றும் தண்ணீரும் மட்டுமா? என் கணக்கில் அது காலும் வயிறும் சேர்ந்தது. தாத்தா மூன்று வேளை சோறு சாப்பிட்டிருப்பார், அதற்கு ஈடாக வரப்பில் நடந்தார், தண்ணீர் பாய்ச்சினார். அப்பா அந்தச் சோற்றை மட்டும் கொண்டுவந்தார், நடை அங்கேயே தங்கிவிட்டது. 1953-ல் லண்டனில் ஜெரமி மோரிஸ் என்பவர் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதினார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஒரே சம்பள வர்க்கம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் மாடிக்கும் கீழுக்குமாக ஒரு ஷிப்டில் ஐந்நூறு, அறுநூறு படி ஏறுகிறார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் கூடுதல். நம்ம மும்பை பஸ் நிறுவனமான பெஸ்ட்டின் பழைய டபுள் டெக்கரில் "ஆகே சலோ" என்று கத்திக்கொண்டே மாடி ஏறிய கண்டக்டர்களை நினைத்துக்கொள்கிறேன். அந்த பஸ்களும் 2023-ல் ஓய்வு பெற்றுவிட்டன.

லோக்கல் ட்ரெயினில் ஒன்றரை மணி நேரம் நசுங்கி நிற்பது உடற்பயிற்சிக் கணக்கில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது களைப்பு, பயிற்சி இல்லை. இறங்கி வீட்டுக்கு ஷேர் ரிக்‌ஷா பிடிக்காமல் நடந்தால் அது கணக்கு.

அப்பா பீடி பிடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. 1990-களில் இந்த மும்பையில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், 35 வயது தாண்டிய கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் பேரைப் பதிவு செய்து, சில வருஷம் கழித்து யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பீடி பிடித்த ஆண்களின் இறப்பு விகிதம், புகையிலையே தொடாதவர்களைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சிகரெட்டைவிடப் பீடி சாது என்று சொல்கிற அண்ணாச்சிகள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

ஊருக்குத் திரும்புவது பற்றி: அந்த ஊர் இப்போது அங்கே இல்லை. ரேஷனில் வெள்ளை அரிசி, வாசலில் பைக், முக்கில் பரோட்டாக் கடை. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம், உத்தரப்பிரதேசத்தில் 4.8 சதவீதம் என்று 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் கணக்கு சொல்கிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்குச் சுமார் 59. உங்கள் அப்பாவின் 52 அதிலிருந்து அதிக தூரம் இல்லை. 29-ல் நீங்கள் செய்ய வேண்டியது பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் இந்த மாதமே பார்ப்பது. பெரிய லேப் வேண்டாம், பக்கத்து முனிசிபாலிட்டி தவாகானாவே (கிளினிக்) போதும்.

கேள்வி (மாட்டுங்கா): தேங்காய் எண்ணெய் நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில்.

பதில்: அளவு. (இரண்டாவது வார்த்தை கேட்டால்: கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றத்தான் செய்கிறது. தாளிக்க ஒரு ஸ்பூன் போகட்டும், நேந்திரம் சிப்ஸ் பாக்கெட் வேண்டாம்.)

கேள்வி (வாஷி): என் எடை 61 கிலோ, உயரத்துக்குச் சரியான எடைதான். எனக்கு ஏன் டாக்டர் இதய ரிஸ்க் இருக்கிறது என்கிறார்?

பதில்: புனேவில் டாக்டர் யாஜ்னிக் என்று இருக்கிறார். 2004-ல் அவரும் லண்டன் டாக்டர் யட்கின் என்பவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் உயரம்-எடைக் கணக்கான பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ஒல்லிக் குண்டு என்று நான் செல்லமாகச் சொல்வது இதைத்தான். கை கால் குச்சி, வயிறு மட்டும் ஒரு சின்னப் பானை. தையற்காரர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தாண்டினால் எடை மெஷின் சொல்வதை நம்பாதீர்கள்.

கேள்வி (முலுண்ட், ஓய்வு பெற்ற வாசகர்): பெரிய பெரிய இதய ஆஸ்பத்திரிகள் இங்கேதான் இருக்கின்றன. கும்பகோணத்தில் செட்டில் ஆகலாம் என்கிறாள் மனைவி. மாரடைப்பு வந்தால் எது பாதுகாப்பு?

பதில்: நல்ல கேள்வி ஐயா, நோய் வருவது வேறு, நோயில் சாவது வேறு என்பது இதில்தான் தெரிகிறது. 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்த ப்யூர் என்ற ஆய்வு 2014-ல் சொன்ன முடிவு பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாரடைப்புக்கான ஆபத்துகள் அதிகம் இருந்தது பணக்கார நாட்டுக்காரர்களிடம், செத்தது ஏழை நாட்டுக்காரர்கள். நகரம், கிராமம் என்று பார்த்தாலும் அப்படித்தான், ஆபத்து நகரத்தில் கூடுதல், மரணம் கிராமத்தில் கூடுதல். மாத்திரை கிடைப்பதும் ஈசிஜி சீக்கிரம் எடுப்பதும் அவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

ஆனால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் போதாது, நாம் கிளம்பவும் வேண்டும். என் சொந்த வீட்டுக் கதை. என் பெரியப்பா, சயானில் இருந்தவர், மூன்று பெரிய ஆஸ்பத்திரிகள் கூப்பிடு தூரத்தில். ராத்திரி பதினொன்றுக்கு நெஞ்சு அடைக்கிறது என்றார், "வாய்வுதான்" என்று பெரியம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார், பெரியப்பா சோடா குடித்தார், ஏப்பம் வந்தது, எல்லோருக்கும் நிம்மதி. டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த என்னை எழுப்பவேண்டாம், பரீட்சை நேரம் என்று விட்டுவிட்டார்கள். காலையில் ஐந்தரைக்கு டாக்ஸியில் ஏற்றிப் போனோம். அந்த ஆறரை மணி நேரத்தில் இதயத் தசையில் எவ்வளவு போயிருக்கும் என்று பிற்பாடு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நடு மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, ஜில்லென்று வியர்ப்பது, இதில் எது வந்தாலும் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே கார் ஓட்டிப் போகாதீர்கள். மும்பை ட்ராஃபிக்கில் நடுவழியில் மயங்கினால் உங்களோடு இன்னும் நாலு பேர். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்து பத்து நிமிஷத்தில் ஈசிஜி எடுத்திருக்க வேண்டும், எடுக்காவிட்டால் வரிசையைப் பார்க்காமல் சத்தமாகக் கேளுங்கள், அந்த ஒரு இடத்தில் மரியாதை பார்க்க வேண்டாம்.

கும்பகோணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2023-ல் "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் வந்தது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த முதல் டோஸ், மொத்தம் 14 மாத்திரை, கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். (இதைப் படித்துவிட்டு வீட்டில் 14 மாத்திரையை எண்ணி டப்பாவில் போட்டு வைக்கவேண்டாம், ரத்தக்கசிவு உள்ளவருக்கு அதுவே வினையாகும்.) வீடு வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஆஞ்சியோ செய்யும் இடம் அந்தத் தெருவிலிருந்து எத்தனை நிமிஷம் என்று விசாரியுங்கள். காவிரிக்கரை காற்று அதற்கு அப்புறம்.

கேள்வி (டோம்பிவிலி வாசகி): ரயில்வே ஆண், பஸ் ஆண் என்றே போன இதழிலும் எழுதினீர்கள். எங்களுக்கெல்லாம் இதயம் இல்லையா?

பதில்: குட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கால ஆராய்ச்சி பெரும்பாலும் ஆண்களை வைத்துத்தான் நடந்தது, அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. (இந்த இதழிலும் மேலே அதையேதான் செய்திருக்கிறேன் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபிறகுதான் கவனித்தேன்.) கேரளத்தில் பிறந்து கனடாவில் இருக்கும் சலீம் யூசுஃப் 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வந்தது. புகை, கொலஸ்ட்ரால், பிபி, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் போதாமை, உடல் உழைப்பு இல்லாமை, மது சம்பந்தமான பழக்கம் என்று ஒன்பது விஷயங்கள், முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஆண்களிடம் 90 சதவீதத்தையும் பெண்களிடம் 94 சதவீதத்தையும் இவையே விளக்கிவிட்டன. எந்தக் கண்டம் என்றாலும் இதே ஒன்பதுதான்.

பெண்களுக்கு நெஞ்சுவலி சினிமாவில் வருவதுபோல வராமலும் போகலாம். மூச்சு வாங்குவது, குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி, இரண்டு நாளாகக் காரணமில்லாத அசதி. இதற்கெல்லாம் "வீட்டு வேலை ஜாஸ்தி" என்று நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள், வீட்டிலும் அதையே சொல்வார்கள். எல்லோரும் சாப்பிட்டு மீந்த சோற்றை வீணாக்காமல் நீங்கள் சாப்பிடுவது இன்னொன்று. காய் எல்லாம் பிள்ளைகளுக்குப் போய்விடும், உங்கள் தட்டில் சோறும் ஊறுகாயும் அப்பளமும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்பளமும் ஊறுகாயும் அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

கேள்வி (ஆண்டாப் ஹில்): ஆளாளுக்குத் தனியாகப் பத்தியம் இருப்பது சாத்தியமே இல்லை சார். ஒரு ஊரே மாறினதாக எங்காவது உண்டா?

பதில்: உண்டு. பின்லாந்தில் வட கரேலியா என்று ஒரு மாவட்டம். மரம் வெட்டும் பலசாலி ஆண்கள், ரொட்டியில் உப்பு வெண்ணெய் தடிமனாக, வாயில் சிகரெட், 40, 50 வயதில் பொத்துப் பொத்தென்று சாவு. உலகத்திலேயே மோசமான இடங்களில் ஒன்று. 1971-ல் அந்த ஜனங்களே அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள், 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் தலைமையில் வேலை தொடங்கியது. அவர் ஆஸ்பத்திரி கட்டவில்லை. இல்லத்தரசிகள் சங்கத்தைப் பிடித்தார். பழைய பதார்த்தங்களையே கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்து, கிராமம் கிராமமாக விருந்து வைத்தார்கள். இறைச்சிக் கடைக்காரர்களைச் சாசேஜில் காளான் கலக்கச் சொன்னார்கள். பால் பண்ணைக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது பெர்ரிப் பழம் பயிரிட வழி காட்டினார்கள். நாற்பது வருஷத்தில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

நம் சொசைட்டிகளில் இது முடியுமா என்றால், ஆண்டாப் ஹில்லில் எத்தனை கோயில் அன்னதானம், எத்தனை தமிழ்ச் சங்க விழா, எத்தனை வளைகாப்பு! அங்கே சமைக்கிற மாமிகளும் அண்ணாச்சிகளும் ஒரு இருபது பேர்தான் இருப்பார்கள். டால்டாவை நிறுத்துவது, பொங்கலில் நெய்யைப் பாதியாக்குவது, கூட்டை இரண்டாவது தடவை பரிமாறுவது, இதை அந்த இருபது பேர் முடிவு செய்தால் போதும், ஐந்நூறு பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. உங்கள் கோயில் கமிட்டியில் பேசுங்கள், நான் வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

கேள்வி (அதே ஆண்டாப் ஹில், வேறு வாசகர்): இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

பதில்: மூன்று இட்லி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூரி மசால், எத்தனை பூரி என்பதை என் மனைவியும் இந்தப் பத்திரிகையைப் படிப்பதால் எழுதவில்லை.